லைட் துப்பாக்கியும் சுகன்யாவின் தோளும்

இந்த மாதக் கடைசியில் நான் இந்தக் கடையை விட்டுப் போகிறேன். என் மேசைக்கு நீங்கள் இரண்டு பேர் வருகிறீர்கள். ஒருத்தி பார்த்த வேலைக்கு இரண்டு பேர் தேவைப்படுகிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன். முப்பது வயதுகூட ஆகாதவள் பணி அனுபவம் எழுத வந்துவிட்டாளா என்று நம் மதுரைக் கிளையில் இருக்கும் சுகன்யா சிரிப்பாள். சிரிக்கட்டும். அவள் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

துப்பாக்கியை எப்படித் துடைப்பது, எண்ணெய் எவ்வளவு விடுவது, உரிமத்தில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அவை பத்துப் பதினைந்து நாளில் தானாகக் கைக்கு வந்துவிடும். எதிரில் ஒருவர் கோபத்தோடு நிற்கிறார். பக்கத்தில் இருப்பவள் உங்களைவிட வேகமாக, உங்களைவிட அழகாகப் பதில் சொல்லிவிட்டாள். எல்லோரும் அவளை நம்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் தானாக வராது. அதைப் பற்றித்தான் இது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தீப்பெட்டிக் கம்பெனியில் கூலி வேலை. அம்மா ஆமத்தூரிலிருந்து தினமும் வேனில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். விருதுநகரில் இயற்பியல் படித்து முடித்து, இந்தக் கடையில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "வெடி மருந்துப் பக்கமே போகக் கூடாதுன்னு படிக்க வச்சா, துப்பாக்கிக் கடைக்குப் போறேங்கிறியே. ரெண்டுலயும் ஒரே மருந்துதானடி?" விஞ்ஞானப்படி அவள் சொன்னதில் பாதி சரி.

நான் சேர்ந்து ஆறேழு மாதத்தில் சுகன்யா வந்தாள். சிவகாசியில் அவள் அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனியும் இருந்தது, அச்சகமும் இருந்தது. வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று நம் முதலாளி அண்ணாச்சியிடம் அனுப்பியிருந்தார்கள். காரில் வருவாள். மத்தியானம் டிரைவர் டிபன் கேரியர் கொண்டுவருவார். பன்னிரண்டு வயதிலிருந்து ரைபிள் கிளப்பில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகியவள். அவள் வீட்டுச் சுவர் அலமாரியில் நான் விலைப்பட்டியலில் மட்டும் பார்த்த துப்பாக்கிகள் நின்றன. நான் படித்து வந்ததை அவள் பிடித்து வந்திருந்தாள். என் வேலையில் என்னை எதுவும் அரிக்கவில்லை, அந்த ஒன்றைத் தவிர.

உங்களுக்கு இதில் எவ்வளவு பழக்கம் என்று தெரியாததால் இரண்டு வரி. ஓவர்-அண்டர் என்று நாம் சொல்வது குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி. வேட்டைக்கென்று வெளிநாட்டில் செய்தவை. நம் ஊரில் வேட்டைக்கு ஏது இடம், சட்டமும் விடாது. தோட்டக் காவல், தற்காப்பு என்று உரிமம் வாங்கி, பெருமைக்கு வைத்திருப்பார்கள். அதே துப்பாக்கியில் லைட் என்று ஒரு வகை உண்டு. நாள் முழுக்கக் காட்டில் சுமந்து நடப்பவனுக்காகக் கனம் குறைத்துச் செய்தது. குழலுக்கும், தோளில் பதியும் மரக்கட்டைக்கும் நடுவில் இருக்கும் உலோகப் பெட்டியை நாம் பாடி என்கிறோம். சாதாரண வகையில் அது எஃகு. லைட் வகையில் அலுமினியக் கலவை, குழலும் மெலிவு. வெளியே பூவேலை, பாலிஷ் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பழைய துப்பாக்கிகளில் பல கம்பெனிக்காரர்கள் லைட் என்று எங்கும் பொறிக்கவே இல்லை. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சுகன்யா வந்த புதிதில் காரியாபட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். தோளில் ஆபரேஷன் செய்திருந்தார். தோளுக்கு இதமாக ஒன்று வேண்டும் என்றார். நான் உடனே ஒரு லைட் துப்பாக்கியை எடுத்து நீட்டினேன். கனம் குறைவு, தோளுக்கு இதம், வேறென்ன யோசனை? சுகன்யா அந்தப் பக்கத்திலிருந்தே சொன்னாள்: "ஐயா, அத வாங்காதீக. தூக்குறதுக்குத்தான் அது லேசு. சுட்டீகன்னா கழுதை மாதிரி உதைக்கும். துப்பாக்கி கனமா இருந்தா உதைய அதுவே வாங்கிக்கிடும். லேசா இருந்தா மொத்தத்தையும் உங்க தோள்தான் வாங்கணும்."

இது நியூட்டனின் மூன்றாம் விதி. நான் பரீட்சையில் முழு மார்க் வாங்கிய பாடம். அவள் அதைத் தோளில் படித்திருந்தாள். விவசாயி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து யார் ஓவர்-அண்டரோடு வந்தாலும் "சுகன்யாம்மா இல்லையா?" என்றுதான் கேட்டார்கள். அவள் துப்பாக்கியை எடுத்து ஒரே வீச்சில் தோளுக்குக் கொண்டுபோவாள். கன்னம் கட்டையில் போய் உட்காரும். கண் மூடித் திறப்பதற்குள் "லைட்டு" அல்லது "லைட்டு இல்ல" என்பாள். நான் காந்தம், தராசு, விலைப்பட்டியல் என்று உட்கார்ந்து அரை மணி நேரம் கழித்து அதையே சொல்வேன். அரை மணி நேரம் கழித்துச் சரியாகச் சொல்பவளை யாரும் கெட்டிக்காரி என்று சொல்வதில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

தேர்தல் அறிவித்திருந்தார்கள். தேர்தல் என்றால் உரிமக்காரர்கள் தங்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ, நம்மைப் போன்ற கடையிலோ ஒப்படைத்தாக வேண்டும். கெடு முடியப் போகிற நேரத்தில் கடை கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். அந்தக் கூட்டத்தில் ஓர் அண்ணன் தம்பியின் துப்பாக்கிகளும் வந்தன. அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றே சொல்கிறேன்.

அவர்களுடைய அப்பா ஒரே கம்பெனியின் ஓவர்-அண்டர் இரண்டை வெளிநாட்டிலிருந்து தருவித்திருந்தார். ஒன்று லைட், இன்னொன்று சாதாரணம். இரண்டின் பாடியிலும் ஒரே மாதிரி கௌதாரிப் பூவேலை. தாம் இருக்கும்போதே லைட்டைப் பெரியவர் பேருக்கும், மற்றதைச் சின்னவர் பேருக்கும் உரிமம் மாற்றிக் கொடுத்தார். அவர் இருக்கும்போதே இருவருக்கும் ஒத்துப்போகாது, அவர் போன பிறகு சொத்தைப் பிரித்ததில் அது சண்டையானது. பட்டாசுக் கம்பெனி சின்னவருக்கு வந்தது. அச்சகமும் பஜார் கடைகளும் பெரியவருக்குப் போயின. கம்பெனி தனக்கு வராத ஆத்திரத்தில் பெரியவர் தம்பியோடு பேச்சை நிறுத்தியிருந்தார்.

அந்தக் கம்பெனியில்தான் என் அம்மா வேலை பார்த்தாள்.

சின்னவர் முந்தின நாளே வந்து தன் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காலையில் பெரியவர் வந்தார். தோல் பெட்டியை மேசைமேல் வைத்த வேகத்தில் அண்ணாச்சியின் டீ தளும்பியது.

"அண்ணாச்சி, இதத் தூக்கிப் பாருங்க."

"என்னங்க விசயம்?"

"எங்கப்பா எனக்குக் குடுத்தது லைட்டு. ஒத்தக் கையில தூக்குவேன். அவரு போன பெறகு நான் பெட்டியவே தெறக்கல. இங்க கொண்டாரதுக்காக இன்னைக்குத்தான் எடுத்தேன். முன்னாடி இரும்புலக்கை மாதிரி தொங்குது. என் துப்பாக்கிய எடுத்துக்கிட்டு அவன் துப்பாக்கிய உள்ள வச்சிருக்கான்."

"நம்பர் பாத்தீகளா?"

"அதுலதான் இருக்கு சூதே. நம்பர் என் நம்பருதான். பாடில அடிச்சிருக்கு, உரிமத்துல இருக்குற மாதிரியே. அப்ப என்ன அர்த்தம்? என் நம்பர அவன் துப்பாக்கியில அடிச்சிருக்கான்."

துப்பாக்கி எண்ணை மாற்றி அடிப்பது சின்ன விஷயம் இல்லை என்பது வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சி சுகன்யாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அது உறுத்துகிறது.

சுகன்யா துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்தாள், மூடினாள், கூரையைப் பார்த்து ஒரு வீச்சில் தோளுக்குக் கொண்டுபோனாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள்.

"லைட்டு இல்லைங்க. லைட்டுன்னா தோளுக்குப் பறந்து வரும். இது முன்பக்கமா இழுக்குது. சாதாரண மாடல்தான்."

"கேட்டீகளா அண்ணாச்சி!"

பெரியவர் மேசையைத் தட்டினார். "இத மட்டும் கடைப் பேருல எழுதிக் குடுங்க. இங்கேருந்து நேரா ஸ்டேசன். அப்புறம் சூலக்கரையில கலெக்டர் ஆபீசு. துப்பாக்கி நம்பர மாத்துறவன் கையில பட்டாசுக் கம்பெனி லைசென்சு எப்படி இருக்கலாம்னு அங்கன வச்சுக் கேக்கேன்."

இப்போது அவருக்கு என்ன வேண்டும் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அவருக்குத் துப்பாக்கி வேண்டாம், கம்பெனி மூட வேண்டும். தீபாவளி ஆர்டர்கள் குவிந்து, வேலை ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. விசாரணை என்று ஒரு பூட்டு விழுந்தால் ஆமத்தூரில் பாதி வீடுகளில் ஆள்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். என் வீடு அதில் ஒன்று.

ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். சுகன்யா சொல்லி முடித்ததும் எனக்கு முதலில் தோன்றியது ஆமத்தூர் இல்லை. 'இந்த ஒரு தடவையாவது இவள் தப்பாக இருக்கட்டும்' என்பதுதான். அம்மா அதற்கு அடுத்துத்தான் வந்தாள்.

"ஒரு நிமிசம்" என்றேன். "நானும் பாத்துக்கிடுறேன்."

தராசில் வைத்தேன். லைட்டுக்கு இருக்க வேண்டிய எடையும் இல்லை, சாதாரணத்துக்கு இருக்க வேண்டிய எடையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றது.

"எட சரியில்ல. லைட்டுக்குக் கூட இருக்கு, சாதாரணத்துக்குக் கம்மியா இருக்கு."

"கட்டையெல்லாம் ஒரே கனமாவா இருக்கும் செல்வி?" என்றாள் சுகன்யா. "ஒரு மரம் லேசு, ஒரு மரம் கனம். தராச வச்சு மாடல் சொல்ல முடியாது." அதுவும் உண்மை. அவள் சொல்வது எல்லாமே பாதியாவது உண்மையாக இருந்து தொலைக்கும்.

"எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்துருவோம் அண்ணாச்சி" என்றேன்.

அப்போது சுகன்யா குரலைத் தாழ்த்தாமல் கேட்டாள்: "உங்கம்மா அவரு தம்பி கம்பெனியிலதான வேலை பாக்குறாக?"

கெட்ட எண்ணத்தில் கேட்டாளா, சும்மா கேட்டாளா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எதுவானால் என்ன, கேட்டுவிட்டாள். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்படிப் போகுதா கதை? ஏம்மா, கூலி வாங்குற எடத்துக்கு விசுவாசமாக்கும்?"

"கூலி வாங்குறது எங்கம்மா. நான் இங்க சம்பளம் வாங்குறேன்."

"ரெண்டும் ஒரே அடுப்புலதான எரியுது?" வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"செல்வி, நீ கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றார் அண்ணாச்சி. அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

இந்த இடத்தை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வார்த்தையை யாரும் நம்பத் தயாராக இல்லை என்று தெரிந்த பிறகு, அதே வார்த்தையைச் சத்தமாகச் சொல்வதில் பலன் இல்லை. அழுவதிலும் இல்லை. யார் நம்பவில்லையோ அவர் கையாலேயே சோதனையைச் செய்ய வைக்க வேண்டும். நான் இழுப்பறையிலிருந்து என் காந்தத்தை எடுத்தேன். பழைய ஸ்பீக்கரில் இருந்த காந்தம்தான். பாலிஷில் கீறல் விழாமல் இருக்க மெல்லிய துணி சுற்றியிருப்பேன். அதைப் பெரியவர் முன்னால் வைத்தேன்.

"நான் தொடவே இல்லைங்க. நீங்களே வச்சுப் பாருங்க. சாதாரண மாடல்னா பாடி எஃகு. காந்தம் ஒட்டணும். லைட்டுன்னா அலுமினியம். ஒட்டாது. இதுல எங்கம்மாவுக்கு என்ன சோலி?"

பெரியவர் சந்தேகத்தோடு எடுத்துக் குழலில் வைத்தார். டக்கென்று ஒட்டியது.

"குழல் எந்த மாடல்லயும் எஃகுதாங்க. பாடியில வைங்க."

அவர் துப்பாக்கியை மடக்கித் திறந்தார். தோட்டாவின் பின்பக்கம் வந்து அணையும் முகப்பில், பாடிக்கு உள்ளேயே, காந்தத்தை வைத்தார்.

டக்.

"ஒட்டிருச்சு!" என்றார். சுகன்யா தலையை மட்டும் லேசாக ஒரு பக்கம் சாய்த்தாள். அந்தச் சாய்ப்பை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். மண்டைக்குள் ஆமத்தூர் வேன், பூட்டிய கேட்டு, கேட்டுக்கு வெளியே தூக்குச்சட்டியோடு அம்மா.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். அவசரத்தில் கை நீட்டியிருந்தால், நான்தான் ஏதோ செய்தேன் என்றாகி அன்றைக்கு எல்லாம் முடிந்திருக்கும். கண்ணால் மட்டும் பார்த்தேன். காந்தம் ஒட்டிய அந்த முகப்பைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு கோடு ஓடியது. முகப்பு தனித் துண்டு. வேறொன்றிலிருந்து செய்து பதித்தது. வெடிக்கிற அழுத்தம் முழுக்க அங்கேதான் விழும், அலுமினியம் தாங்காது. அதனால் லைட் வகையில் அந்த இடத்தில் மட்டும் எஃகுத் துண்டைப் பதிப்பார்கள். எஃகுப் பாடியில் இன்னொரு எஃகுத் துண்டைப் பதிக்க யாருக்கும் தேவை இல்லை. ஒட்டியதால் அது எஃகு என்று பெரியவர் நினைத்தார். எனக்கோ அந்தக் கோட்டைப் பார்த்ததுமே அது லைட் என்று தெரிந்துவிட்டது.

"வெளிப்பக்கம் வைங்க. கௌதாரி மேல."

வைத்தார். வழுக்கியது. மறுபக்கம் வைத்தார், வழுக்கியது. அடியில் வைத்தார், அவர் கையிலிருந்து தவறி மேசையில் விழுந்தது. கடையே வேடிக்கை பார்த்தது. அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"பாடி லைட்டு" என்றேன். "நம்பர யாரும் மாத்தி அடிக்கல. உங்க பாடி உங்ககிட்டதான் இருக்கு."

"அப்ப ஏன் முன்னாடி கனக்குது?" இதைக் கேட்டது சுகன்யா. கேள்வி சரியான கேள்வி. அவள் தோள் பொய் சொல்லாது என்பதை நான் அவளைவிட நன்றாக அறிவேன். அதைத்தானே தினமும் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன்? முன்பக்கம் கனம் என்று அந்தத் தோள் சொன்னால் முன்பக்கம் கனம்தான். பாடி லைட்டாகவும் இருந்து முன்னால் கனக்கவும் செய்தால்?

"முன்கட்டையக் கழத்துங்க" என்றேன், பெரியவரிடம்தான்.

குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்துண்டுதான் முன்கட்டை. அதைக் கழற்றினால்தான் குழலில் அடித்த எண் தெரியும்; பாடியில் இருக்கும் எண்ணே அங்கும் இருக்க வேண்டும். கழற்றினார். எண் அவருடையது இல்லை. குழலின் அடியில், மரம் மூடியிருந்த இடத்தில், காய்ந்து வெடித்த சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

அண்ணாச்சி அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "பூசைக்கு வச்சீகளா?"

நம் பக்கத்து வழக்கம்தானே. ஆயுத பூஜைக்கு அச்சகத்தில் மெஷினுக்குப் பொட்டு, லாரிக்குப் பொட்டு. துப்பாக்கி இருக்கும் வீட்டில் அதைத் தனித்தனியாகக் கழற்றித் துடைத்து இலையில் பரப்பி ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்பார்கள். சாமி கும்பிட்டு முடிந்ததும் திரும்பப் பூட்டி வைப்பார்கள். வேறு ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவன் தேவையில்லாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இலையில் பிரித்துப் போட மாட்டான்.

"போன பூசைக்கு யாருங்க பூட்டினது?" என்று கேட்டேன்.

பெரியவர் முன்கட்டையை மேசையில் வைத்தார். "அப்பாதான். வேற யாரையும் தொட விட மாட்டாரு. கண்ணு ஆபரேசனுக்கு நாள் குறிச்சிருந்த நேரம்." பிறகு, எங்களுக்கு இல்லை, தனக்கே சொல்வதுபோல, "ரெண்டு பேரும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தோம். அப்பவே ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்காம நின்னோம். எத எதுல பூட்டுறாருன்னு யாரு பாத்தா?"

"உங்க கொழலு உங்க தம்பி துப்பாக்கியில இருக்கும்" என்றேன். "அதுவும் இங்கனதான் இருக்கு. நேத்தே குடுத்துட்டாரு. ஆனா அவரு இல்லாம அதத் தெறக்கக் கூடாது. அவரக் கூப்பிடணும்."

"அவன் வர்ற எடத்துல நான் நிக்க மாட்டேன்."

"அப்ப இதுல நாங்க எழுதித் தர ஒண்ணுமில்லைங்க" என்றார் அண்ணாச்சி. "உங்க கையில இருக்குறது அவரு கொழலு. போலீசுல அத மொதல்ல உங்ககிட்டதான் கேப்பாக."

பெரியவர் உட்கார்ந்தார். அண்ணாச்சி போன் போட்டார். சின்னவர் சட்டையில் வெள்ளித்தூள் மினுங்க, கம்பெனியிலிருந்து அப்படியே வந்தார். அவர் முன்னால் அவருடைய பெட்டியைத் திறந்து முன்கட்டையைக் கழற்றினோம். பெரியவரின் எண். அதே சந்தனம்.

சின்னவர் அந்தப் பொட்டின்மேல் விரல் வைத்தார். "அப்பா வேணும்னே மாத்திப் பூட்டிருப்பாரோ?"

"போடா. அவருக்குக் கண்ணு தெரியல." மாதக்கணக்கில் அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று பிறகு சின்னவரின் டிரைவர் சொன்னார்.

"தெரியாத கண்ணோட பூட்டினதக்கூட நான் திருடினேன்னு சொல்ல வந்தியாண்ணே?"

குழல்களை மாற்றிப் பூட்டும்போது ஒன்று கவனித்தேன். அதுவரை இரண்டு துப்பாக்கியிலும் குழலைப் பூட்டும் மேல் நெம்புகோல் மூடும்போது முழுசாக உட்காராமல் சற்று விலகியே நின்றிருந்தது. தன் குழல் வந்ததும் இரண்டிலும் அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இந்தக் கலப்போடு யாராவது தோட்டா போட்டுச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், துப்பாக்கி கையிலேயே வெடித்துச் சிதறியிருக்கலாம். யார் என்ன சொன்னாலும், எந்தத் தோள் என்ன சொன்னாலும், முன்கட்டையைக் கழற்றி இரண்டு எண்ணையும் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

அண்ணாச்சி அன்றே காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, இருவர் கையெழுத்தோடும் முறைப்படி முடித்தார். போகும் முன் பெரியவர் தன் லைட்டை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சின்னவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கமான பார்வை. கம்பெனியே கையில் இருக்கிறது, ஆனாலும் கண் அந்த லைட்டில் இருந்தது. என்னிடம் அவர்கள் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. "உங்கப்பாவ விசாரிச்சதாச் சொல்லும்மா" என்று சுகன்யாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கூட்டம் குறைந்ததும் சுகன்யா என் மேசைக்கு வந்தாள்.

"முன்னாடி கனம்னு நான் சொன்னது சரிதான?"

"சரிதான்."

"நீ அந்தக் கோட்டப் பாக்கலைன்னா நான் எழுதிக் குடுத்திருப்பேன்."

"ஆமா. எழுதிக் குடுத்திருப்ப."

அவ்வளவுதான் பேசினோம். நாங்கள் சிநேகிதிகள் ஆகவில்லை. அவள் கையில் இருந்தது எனக்கு வேண்டும் என்ற ஆசை அன்றும் போகவில்லை, இன்றும் போகவில்லை. பொறாமையை விட்டுவிடுங்கள் என்று இந்த வேலைக்கு வருகிற உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். அவள்மேல் எனக்கு அது இல்லாமல் இருந்திருந்தால், அவள் சொன்னதும் எல்லோரையும்போல நானும் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன். ஒன்று மட்டும். அவள் சொன்னதில் தப்பைத் தேடுங்கள், ஆனால் சரியாக இருக்கும் பாதியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவள் தோளை நம்பியதால்தான் நான் குழலைச் சந்தேகப்பட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தாள். விஷயம் எனக்கு முன்பே ஆமத்தூர் வந்து சேர்ந்திருந்தது.

"ஏட்டி, கம்பெனிய மூடப் போறாகன்னு மத்தியானம் ஒரே பேச்சு. மூத்தவரு போலீசுக்குப் போயிட்டாராம்ல?"

"போகல. மூட மாட்டாக."

"ஆமா, டிரைவரு வந்து சொன்னான். உங்க கடையில ஒரு புள்ள கண்டுபுடிச்சு நிறுத்திருச்சாம். சிவகாசி முதலாளி மகளாம். கார்ல வருமாமே! அம்புட்டு வசதி இருந்தும் என்ன புத்தி பாரு. நீயும் அங்கனதான இருக்க, அதுகிட்ட நாலு விசயத்தக் கத்துக்கயேண்டி."

"கண்டுபுடிச்சது நான்."

"சரி, சரி."

"அம்மா, நான்தான்."

"சரிடி, ரெண்டு பேருந்தான். வந்து சாப்புடு."

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அம்மாவுக்கு அது தெரியவில்லை, அல்லது தெரியாததுபோல இருந்தாள்.

மறுநாள் காலையில் கம்பெனி வேன் முக்கில் வந்து ஹாரன் அடித்தது. அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். வேனுக்குள் ஒரே சுகன்யா பேச்சு. முதலாளி மக, முதலாளி மக என்று வாசல்வரை கேட்டது. படியில் ஒரு கால் வைத்தபடி அம்மா அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னாள்:

"அந்தப் புள்ளயா? அது எங்க செல்விக்குக் கீழதான வேலை பாக்குது."

அது பொய். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். திருத்தவில்லை.